விட்ட கேட்ச்

லோகநாதன் சிரித்தான். காதை இறுக்கியிருந்த ஹெட்போனுக்குள் அந்தச் சிரிப்பு வெளியிலிருந்து வருவதுபோல் இல்லை, எட்வினின் மண்டைக்குள்ளேயே யாரோ சப்பணம் போட்டு உட்கார்ந்து சிரிப்பதுபோல் இருந்தது. சிரிக்கிறான் பார், சிரிக்கத்தான் செய்வான், சிரிப்பதற்குத்தானே கூட்டி வந்து ஏசி அறையில் நாற்காலி போட்டு இளநீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சேலத்து வெயில் மைதானத்தை வறுத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் மலை தெரிந்தும் தெரியாமலும் கிடந்தது. கீழே மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் பந்தைத் தொடையில் தேய்த்தபடி பந்துவீச நடந்து போனான். "எட்வின் சார், இந்த மாதிரி வெயில்ல நாள் முழுக்க கீப்பிங் நின்னிருக்கீங்க. நேயர்களுக்குச் சொல்லுங்க, எப்படி சார் இருக்கும்?" என்று லோகநாதன் மைக்கில் கேட்டான். சாராம். ஒரே அறையில் படுத்து, ஒரே சோப்பில் குளித்து, என் பனியனைத் தன்னுது என்று நினைத்துப் போட்டுக்கொண்டு மேட்ச் ஆடப் போனவனுக்கு நான் இப்போது சார். "முட்டி ரெண்டும் தனியா கழண்டு, அண்ணாச்சி நாங்க ரூமுக்குப் போறோம்னு சொல்லும் லோகு," என்றான் எட்வின். லோகநாதன் மறுபடி சிரித்தான். எட்வினின் குரலும் கூடச் சேர்ந்து சிரித்தது. அந்தக் குரலைக் கண்டால் எட்வினுக்கே ஆகவில்லை. அதற்கு மானம் ரோஷம் கிடையாது, விசிலடித்தால் வாலாட்டும், மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தால் யார் பக்கத்தில் இருந்தாலும் கொஞ்சிக் குழையும். அதை ஒரு நாளும் அவன் இவ்வளவு வெறுத்ததில்லை. 

காலையில் ஓட்டல் வரவேற்பறையில் மெஹர் சிரித்த முகத்தோடு வந்தபோதே அவனுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். இந்த ஒளிபரப்பை நடத்துகிற பெண் அவள், வர்ணனையாளர்களின் காதுக்குள் வந்து இதைப் பேசுங்கள், அதை நிறுத்துங்கள் என்று சொல்பவள், கெட்டிக்காரி, யாரையும் நோகடிக்காதவள். "சார், இன்னைக்கு உங்ககூட லோகநாதன் சார் பேசறார். ரெண்டு பேரும் ஒரே டீம்ல ஆடினவங்க, ஜனங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பழசு மட்டும் வேணாம் சார். மேல சொல்லியிருக்காங்க. அவர் தண்டனையெல்லாம் முடிச்சுட்டு வந்தவர் இல்லையா? பாவம்," என்றாள். பாவம். யார் பாவம்?  எட்வின் தூத்துக்குடி ரயில்வே சரக்கு ஆபீசில் லீவு சொல்லி, சட்டை தைத்து, நேற்று முழுக்க ரயிலில் வந்தவன். எத்தனையோ வருஷம் எந்த மைதானமும் கூப்பிடாமல் கிடந்து, இப்போதுதான் தமிழ் வர்ணனைக்கு நல்லாப் பேசுகிற ஆள் வேண்டும் என்று யாரோ அவன் பேரைச் சொல்ல, மறுபடி புல்லின் வாசனையைக் கண்டவன். அவன் எப்படி மாட்டேன் என்பான்? சரிம்மா என்றான். சரிம்மா! அந்தச் சரிம்மாவை இப்போது நினைத்தாலும் காது சுட்டது. அப்புறம் லிப்ட் திறந்து லோகநாதன் வெளியே வந்தான். வெள்ளைச் சட்டை, முன்னைவிடச் சதை போட்டிருந்தான், நரைத்த தாடியை அழகாகக் கத்தரித்திருந்தான், வாசனை அவனுக்கு முன்னால் வந்தது. "மச்சான்!" என்று இரண்டு கையையும் விரித்தான். கட்டிப் பிடித்தான். எட்வின் மரம்போல நின்றான், ஆனால் அவனுடைய வலது கை, அந்த மானங்கெட்ட கை, தானாக எழுந்து லோகநாதனின் முதுகில் தட்டியது.

"ஃபோர்!" என்று லோகநாதன் கத்தினான். "பாயிண்டுக்கும் கவருக்கும் நடுவுல ஊசி நுழையற சந்து. அதுக்குள்ள பஸ்ஸையே ஓட்டிட்டுப் போயிட்டாரு!" நன்றாகப் பேசுகிறான். அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எப்போதும் நன்றாகப் பேசுவான், பொய்யையும் அப்படித்தான் பேசுவான், உண்மைக்கும் பொய்க்கும் அவன் தொண்டையில் தனித்தனி வாசல் இல்லை. அன்றைக்கு அரையிறுதியில், பொருநை வேங்கைகள் அணிக்காக, இதே வாயால் "இன்னைக்கு நாம ஜெயிக்கறோம் மச்சான்" என்று சொல்லிவிட்டுத்தான் கடைசிக்கு முந்திய ஓவரை வீச வந்தான். இடது கை வேகம். ஓடி வரும்போது மண்ணே அதிராது, பூனைபோல வருவான். அந்த ஓவரில் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தான், நோபால். மறுபடி தாண்டினான், மறுபடி நோபால். சூதாட்டக்காரர்களிடம் முன்னாடியே சொல்லி வைத்திருந்தான், இந்த ஓவரில் இத்தனை நோபால் வரும் என்று. எங்கேயோ அறைகளில் ஆட்கள் போனும் கையுமாக அந்தக் காலுக்காகக் காத்திருந்தார்கள். இது யாருக்குத் தெரியும்? அங்கே குத்தவைத்து உட்கார்ந்து பந்து பிடித்த எட்வினுக்குத் தெரியுமா? கூட்டத்தில் ஊதல் ஊதிக்கொண்டிருந்த ஜனத்துக்குத் தெரியுமா? ஒரு மாதம் கழித்துப் போலீஸ் வந்து லோகநாதனைக் கூட்டிப் போனபோதுதான் தெரிந்தது. ஒத்துக்கொண்டான். தடை விதித்தார்கள். தடைக்கு ஒரு தேதி இருந்தது, அந்தத் தேதி வந்தது, தடை போயிற்று. மனுஷன் வெளியே வந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விழுந்தவன் எழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தான், பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். திருந்தினவனைப் போல ஜனத்துக்குப் பிடித்தமானவன் உண்டா? தப்பே செய்யாதவனைப் பார்த்து எவன் கைதட்டுவான்? அவனிடம் சொல்ல என்ன கதை இருக்கிறது? எட்வினுக்குத் தடை விதிக்கவில்லை. அதனால் முடிகிற தேதியும் இல்லை. தடையுமில்லை, அழைப்புமில்லை. விசாரணைக் கமிட்டிக்காரர்கள் ரொம்ப மரியாதையாகத்தான் எழுதினார்கள்: எட்வின் செல்லத்துரைக்கு எதிராகப் போதிய ஆதாரம் இல்லை.

போதிய. அந்தச் சொல்லைப் போட்டவன் எவன்? ஆதாரம் இல்லை என்று நிறுத்தியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? போதிய என்றால் கொஞ்சம் இருக்கிறது, வயிறு நிறையத்தான் இல்லை, இன்னும் ஒரு கரண்டி விழுந்திருந்தால் மாட்டியிருப்பான் என்றுதானே அர்த்தம். அந்த ஒரு சொல்லைக் கழுத்தில் கட்டித் தூத்துக்குடித் தெருவில் விட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் கொடுமை. ஒருவனாவது சட்டையைப் பிடித்து நீயும் வாங்கினியாலே என்று கேட்டிருந்தால் மூஞ்சியில் ஒன்று விட்டிருக்கலாம். கேட்காமல் கேட்டார்கள். வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியபோது எதிர்வீட்டுக்காரர் படியில் நின்று, "பெருசாத்தான் இருக்கு" என்றார். ஆபீசில் பிரமோஷன் பட்டியலில் அவன் பேர் வந்தபோது ஒருத்தன், "நீங்க எங்க போனாலும் பொழச்சுக்கிடுவீங்க சார்" என்றான். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில்கூட, கோபப்பட்டது, பொய் சொன்னது, பூசைக்குப் பிந்தி வந்தது எல்லாம் சொல்லி முடித்த பிறகு, திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "வேற ஏதாவது உண்டா, மகனே?" என்றார். எல்லாரையும் கேட்கிற கேள்விதான். ஆனால் எட்வினுக்கு அந்தச் சும்மா இருந்தது தாங்கவில்லை, முழந்தாளிட்டவன் அப்படியே எழுந்து வெளியே வந்துவிட்டான், அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. ஆக, கடவுளும் காத்துக்கொண்டிருக்கிறார். எட்வின் என்றைக்குச் சொல்வான் என்று பரலோகத்திலும் ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கிறது.

"எட்வின் சார், அமைதியாயிட்டீங்க?" என்றது லோகநாதனின் குரல். "பீல்டைப் பாத்துட்டு இருக்கேன் லோகு. டீப் மிட்விக்கெட்ட காலியா விட்டுட்டாங்க, அங்கதான் அடிப்பாரு," என்றான் எட்வின். அடுத்த பந்து அங்கேயே போயிற்று. "சொன்னீங்க பாருங்க! கீப்பர் கண்ணு கீப்பர் கண்ணுதான்!" என்றான் லோகநாதன். காதுக்குள் மெஹர், "சூப்பர் சார், இப்படியே போங்க," என்றாள். சூப்பர். கண் நல்ல கண்தான். கைதான். மேசைமேல் கிடந்த தன் கையை எட்வின் பார்த்தான். சுண்டுவிரல் ஒரு பக்கம், மோதிரவிரல் ஒரு பக்கம், நடுவிரலின் மேல்கணு உடைந்து சேர்ந்து முருங்கைக்காய் முடிச்சுபோல நின்றது. எத்தனை பந்து பிடித்த கை, இதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனின் பந்துகள்தான் பாதி. லோகுவின் எகிறும் பந்துகளைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை பழுத்து, ராத்திரி ஐஸ் வாளியில் முக்கிக்கொண்டு கிடந்த கை. அது ஒன்றே ஒன்றை விட்டது. அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர், பெரிய தொடரைச் சூதாட்டக்காரர்களுக்காகத் தோற்றுக் கொடுத்தார்கள் என்று வழக்கு வந்ததை எட்வின் ஒருநாள் ஏதோ தேடப்போய்ப் படித்தான். அன்றிலிருந்து அது அவனை விடவில்லை. கோர்ட்டு எட்டுப் பேரையும் விட்டுவிட்டது. ஆட்டத்தின் தலைவராக உட்கார்ந்திருந்தவர் விடவில்லை, எட்டுப் பேருக்கும் ஆயுசு முழுக்கத் தடை. அதில் மூன்றாவது பேஸில் நின்ற ஒருத்தன் காசு தொடவில்லை, அந்தத் தொடரில் மற்றவர்களைவிட நன்றாகவே ஆடினான். ஆனால் கூட்டாளிகள் பேசினது அவனுக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை, அதனால் அவனும் போ என்றார்கள். சாகிற வரைக்கும் மனு போட்டுக்கொண்டே இருந்தானாம். எட்வினுக்குப் பேஸ்பால் என்றால் என்னவென்று இன்றைக்கும் பிடிபடாது, எதற்கு ஓடுகிறார்கள், எதற்கு நிற்கிறார்கள், ஒன்றும் புரியாது. ஆனால் அந்த மனுஷனோடு அவன் மனசுக்குள் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறான். உனக்காவது தெரிந்திருந்ததேடா, நீ மனு போட ஒரு தடையாவது இருந்ததே, எனக்கு என்ன இருக்கிறது, நான் யாரிடம் போய் எதை நீக்கு என்று கேட்பேன்?

அந்தப் பந்து. யோசிக்க வேண்டாம் என்றால் கேட்குமா, நாக்கு பல்சந்துக்குப் போவதுபோல மனசு அங்கேதான் போகும். இரண்டாவது நோபாலும் அதற்கான ஃப்ரீஹிட்டும் முடிந்த பிறகு சரியாக விழுந்த ஒரு பந்து. மட்டையின் ஓரத்தில் பட்டு வந்தது. வேகம்கூட இல்லை, நெஞ்சு உயரம், தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொள்ள வேண்டிய கேட்ச், தெருவில் கொய்யாப்பழம் வாங்குகிறவன்கூடப் பிடிப்பான். வந்தது. கையுறையின் நுனியில் பட்டது. விழுந்தது. அவ்வளவுதான். அந்தப் புல்லில் அது விழுந்த சத்தம்கூட இல்லை. வழக்கு வெடித்த பிறகு டிவிக்காரர்கள் லோகநாதனின் காலைக் காட்டினார்கள், கோட்டைக் காட்டினார்கள், உடனே எட்வினின் கையைக் காட்டினார்கள், கால், கோடு, கை, கால், கோடு, கை, மெதுவாக ஓட்டி, வட்டம் போட்டு, பின்னணியில் உடுக்கை அடிக்கிற மாதிரி ஒரு சங்கீதம். ஆயிரம் தடவை அதைப் பார்த்த பிறகு எட்வினுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நானே விட்டேனா? கைக்குத் தனியாக ஏதாவது தெரிந்திருந்ததா? ஏன் விட்டேன்? அங்கே போனதும் நினைப்பு நிற்கும். காரணம் தெரியும். தெரியாமல் இல்லை. அதை நினைத்தால் மற்றதையெல்லாம்விட அதிகமாகக் கோபம் வரும், அதனால் அதைத் தாண்டி வேறு பக்கம் பாய்வான், டிவிக்காரன்மேல், கமிட்டிக்காரன்மேல், எல்லாத்துக்கும்மேல் இந்த வெள்ளைச் சட்டைமேல். ஏனென்றால் இவன் ஒருத்தனுக்குத்தானே தெரியும்! பூமியில் எட்வினுக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் இவன்தான். விசாரணையில் எல்லாத்தையும் ஒத்துக்கொண்ட வாய், எட்வினுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று ஒரு வரி சொல்லவில்லை. கேட்டதற்குக் குனிந்த தலை நிமிராமல் சும்மா இருந்தானாம். அந்தச் சும்மாவில்தான் போதிய என்ற சொல் முளைத்தது.

ஓவர் முடிந்தது. விளம்பர இடைவேளை. சிவப்பு விளக்கு அணைந்தது. லோகநாதன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு இளநீரை ஒரு மடக்குக் குடித்தான். "நல்லாப் போவுது இல்ல மச்சான்? பழைய மாதிரியே," என்றான். எட்வின் அவன் பக்கம் திரும்பினான். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தான். காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கமிட்டியில என்னைப் பத்திக் கேட்டாங்கள்ல. ஏன் ஒண்ணும் சொல்லல?"

லோகநாதன் டம்ளரை வைத்தான். அவன் முகத்தில் வெட்கமோ பயமோ வரும் என்று எட்வின் பார்த்தான். வந்தது அது இல்லை. கனிவு. அவன் சாய்ந்து எட்வினின் முழங்காலில் கை வைத்தான்.

"எப்படிடா சொல்லுவேன்? என்னை அடிச்சாங்க தெரியுமா? என்னென்னமோ பண்ணாங்க. உன் பேரை மட்டும் நான் சொல்லவே இல்ல மச்சான்."

"என் பேரை எதுக்குலே சொல்லணும்?"

"சரி விடு. இங்க யாரும் இல்ல." லோகநாதன் கதவைப் பார்த்துக்கொண்டான். "அந்தக் கேட்சு நீ விட்டதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. உங்கிட்டயும் பேசிட்டாங்கன்னு நெனச்சேன். இல்லன்னா எனக்காகத்தான் விட்டியோன்னும் தோணுச்சு. ரெண்டுல எதுவா இருந்தாலும் ஒரே ரூம்ல படுத்தவனை நான் எப்படிக் காட்டிக் குடுப்பேன்? நான் போனாப் போறேன், எட்வினாவது பொழைக்கட்டும்னு இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, குறைப்படுவதுபோல் சொன்னான்: "ஒரு போன்கூடப் பண்ணலியேடா நீ. அதுதான் எனக்கு வருத்தம்."

எட்வினுக்குக் காதில் ஒன்றும் கேட்கவில்லை. ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது. நன்றி எதிர்பார்க்கிறான். இத்தனை வருஷமாக எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, எட்வின் ஒரு நாள் போன் பண்ணி நன்றி சொல்வான் என்று இவன் காத்திருந்திருக்கிறான். உண்மை தெரிந்தும் பயத்தில் வாயை மூடிக்கொண்ட கோழை என்று நினைத்து நினைத்து, குளிக்கும்போது, சாப்பிடும்போது, மனைவி ஜெசிந்தா பக்கத்தில் படுத்திருக்கும்போது அவளை எழுப்பாமல் முஷ்டியை மடக்கிக்கொண்டு, இவனோடு எத்தனை சண்டை போட்டான். அத்தனையும் இங்கே இல்லாத ஒருவனோடு. கோழை இல்லை இவன். தியாகி! அடிபட்டிருக்கிறான், எட்வினுக்காக. சாட்சி இருக்கிறான், ஒரே ஒரு சாட்சி, என்று நம்பிக்கொண்டிருந்தானே, அந்தச் சாட்சிக்கும் ஒன்றும் தெரியாது. அவனும் டிவி பார்த்த ஜனத்தில் ஒருத்தன்தான். எதிர்வீட்டுக்காரர், ஆபீஸ்காரன், திரைக்கு அந்தப் பக்கம் காத்திருந்த சாமியார், அந்த வரிசையில் இவனும் ஒரு ஆள். என்னைத் தெரிந்தவன் என்று நினைத்தேனே. நாயே, என் கையைத் தெரியாதா உனக்கு? உன் பந்தைப் பிடித்துப் பழுத்த கையைத் தெரியாதா?  அந்த நிமிஷம் இளநீர் டம்ளரை எடுத்து அவன் கத்தரித்த தாடியில் வீசியிருப்பான். காதுக்குள் மெஹர், "வர்றோம் சார், ரெடி," என்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"மறுபடி வரவேற்கிறோம்," என்று லோகநாதன் தொடங்கினான்.

"லோகு," என்றான் எட்வின். அது வாலாட்டுகிற குரல் இல்லை. "இப்ப விளம்பரத்துல ஒண்ணு சொன்னீங்க. அதை ஜனங்களுக்கும் சொல்லுங்க. பொருநை வேங்கைகள் அரையிறுதியில நான் ஒரு கேட்ச் விட்டேன். எதுக்கு விட்டேன்?"

"சார், வேணாம் சார்," என்றாள் மெஹர் காதுக்குள். "சார் ப்ளீஸ்."

லோகநாதன் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. மனுஷன் கல்லூரி மேடைகளில் பழகினவன். நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, குரலைக் கொஞ்சம் கனமாக்கினான். "இதைக் கேட்டதுக்கு நன்றி சார். நேயர்களே, தப்பு பண்ணவன் நான். எட்வின் செல்லத்துரைக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவரை மாதிரி சுத்தமான ஆட்டக்காரரை நான் பார்த்ததே இல்ல. இதை எந்தக் கோயில்ல வேணா சூடம் அணைச்சுச் சொல்லுவேன்." சொல்லிவிட்டு, மேசைக்கு அடியில் எட்வினின் காலை மெல்ல மிதித்து, கண்ணைச் சிமிட்டினான். பார்த்துக்கொண்டாயா, இன்றைக்கும் காப்பாற்றிவிட்டேன் என்கிற சிமிட்டல்.

அந்த வரி. அதே வரி. எத்தனை வருஷம் இந்த வரிக்காகக் கிடந்தான். கடைசியில் வந்துவிட்டது, சேலத்து வெயிலில், லட்சம் பேர் கேட்க, ஒரு எழுத்துக் குறையாமல் வந்துவிட்டது, அதுவும் பொய்யாக வந்துவிட்டது. சொன்னது உண்மை, ஆனால் சொன்னவன் மனசில் அது பொய். பொய்சாட்சி சொல்லி உண்மையை நிலைநாட்டிவிட்டான். இவன் சொல்வதை நம்பாதீர்கள் என்று கத்த வேண்டும்போல் வந்தது எட்வினுக்கு. கத்தினால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டதாகும். நோபாலை விற்ற மாதிரி இதையும் எங்கேயோ பேசி வைத்தது மாதிரி, அழகாக, நேரம் பார்த்து, கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டான். மெஹர் மூச்சு விடுவது கேட்டது, "அருமை சார், தாங்க்ஸ், இப்ப மேட்சுக்குப் போங்க," என்றாள், அவள் குரலில் அழுகை மாதிரி ஒன்று இருந்தது, நெகிழ்ந்துவிட்டாள். இப்படியே விட்டுவிடலாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், நாளைக்குப் பேப்பரில் வரும், எதிர்வீட்டுக்காரர் படியில் நின்று பார்த்தீங்களா என்பார், பொழுது விடிந்துவிடும். ஆனால் இவன் கையால் எனக்கு விடிய வேண்டுமா? இவன் போடுகிற சோற்றையா நான் தின்ன வேண்டும்?

"அது சரியில்ல," என்றான் எட்வின் மைக்கில். லோகநாதனின் கண் சுருங்கியது. "நான் சொல்லுதேன். அன்னைக்குக் காலையில இவன் இட்லியைத் தொடல. தட்டு முன்னால கை நடுங்கிட்டு இருந்தான். வேலூர்ல இவங்க அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. எனக்கு அவங்க கையால சாப்பிட்ட கணக்கு உண்டு. அம்மாவுக்கு என்னமோ ஆயிட்டு, நம்மகிட்ட சொல்லாம ஆட வந்திருக்கான் பாவிப்பய, அப்டின்னு நெனச்சேன். ஒரு நோபால் போட்டான். இன்னொண்ணு போட்டான். இவன் அப்படிப் போடுற ஆள் இல்ல. எனக்குப் பதறிட்டு. ஃப்ரீஹிட்டும் போச்சு, அதுக்கடுத்த பந்து இவன் ஓடி வாரப்போ நான் பந்தைப் பாக்கல, இவன் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தேன். அழுதுருவானோன்னு பாத்தேன். பந்து வந்ததே எனக்குத் தெரியாது. கீப்பர் அப்படிப் பாக்கக் கூடாது. பாத்தேன். விட்டுட்டேன். அதான் காரணம். வேற ஒரு மண்ணும் இல்ல."

 சொல்லி முடித்ததும் கோபம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தால் அது தப்பு, இறங்கவில்லை, இன்னும் கொதித்தது. இதற்காகவா இத்தனை நாள், இந்த நாலு வரிக்காகவா? அந்த மூஞ்சியைப் பார்த்துத்தானே கெட்டேன் என்ற வயிற்றெரிச்சல்தான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது என்று இப்போது வெளியே வந்து எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கீழே மஞ்சள் சட்டைக்காரன் ஓடிவந்து வீசினான், மட்டைக்காரன் ஏறி அடித்தான், பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது, மைதானம் அலறியது. மைக்கில் ஒரு சத்தமும் இல்லை. "யாராவது பேசுங்க," என்று மெஹர் காதுக்குள் கெஞ்சினாள், "சார், சிக்ஸர் சார், யாராவது பேசுங்க." அடுத்த ஆட்டத்துக்குத் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று எட்வினுக்குத் தெரிந்தது, சரக்கு ஆபீசில் மீதி லீவை ரத்து செய்துவிடலாம்.    இருமல் வந்தால் குரல் வெளியே போகாமல் அமுக்குகிற பொத்தான் ஒன்று மேசையில் இருந்தது, லோகநாதன் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எட்வின் பக்கம் குனிந்தான்.

"அம்மாவுக்குன்னா நெனச்ச?" என்றான். குரல் உடைந்திருந்தது. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

எட்வின் தன் பக்கத்துப் பொத்தானை அமுக்கினான்.

"ஏன் விட்டேன்னு யாருலே கேட்டீங்க?"